25 கிலோமீட்டர் உயரத்தில் பெட்டியைக் கழற்றிவிடுதல்: இதுவரை நடந்தது

வானிலை ஆய்வுக்கு விடுவது போன்ற ஹீலியம் பலூனை மேலே அனுப்புவதைவிட, அது தூக்கிக்கொண்டு போகும் பெட்டியை நாம் நினைத்த உயரத்தில் கழற்றிவிடுவதுதான் கடினம். இந்த வருடம் என் கவனம் முழுக்க அதில்தான். மற்றதற்கெல்லாம் இங்கிலாந்தில் நல்ல வழித்துணை இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய பாதைக் கணிப்பு நிரலில் ஏறும் வேகம், வெடிக்கும் உயரம், இறங்கும் வேகம் மூன்றையும் கொடுத்தால், ஜிஎஃப்எஸ் என்ற அமெரிக்க வானிலைக் கணிப்பின் காற்றுத் தரவை வைத்து இறங்கும் இடத்தைச் சொல்லிவிடும். கழற்றிவிடுவதற்கு மட்டும் ஆளுக்கொரு முறை.

முதலில் எடைக் கணக்கு. 1000 கிராம் லேடெக்ஸ் பலூன். அதன் கீழே தொங்குவது எல்லாம் சேர்ந்து 900 கிராம்; அதில் கழன்று விழ வேண்டிய பெட்டி அதன் பாராசூட்டோடு 450 கிராம். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஏற இன்னும் ஏறக்குறைய ஒரு கிலோ உபரித் தூக்கு தேவை. ஆக மொத்தம் 2.9 கிலோ. ஒரு கன மீட்டர் ஹீலியம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் தூக்கும் என்பதால் 2.8 கன மீட்டர் வாயு போதும். பிறந்தநாள் பலூனுக்கு விற்கும் சிலிண்டர்களில் பல நேரம் காற்றும் கலந்திருக்கும். இந்தக் கணக்கு அதில் நிற்காது. இந்த அளவு பலூன் எட்டு மீட்டர் விட்டத்தை நெருங்கும்போது வெடிக்கும். உயரம் 32 கிலோமீட்டர் வாக்கில் வரும்.

பாதி எடை கழன்றதும் பலூனுக்கு என்ன ஆகும்? வெடிக்கும் உயரம் மாறாது, ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது ரப்பர் விரியும் அளவுதான். ஏறும் வேகம்தான் கூடும். உபரித் தூக்கு ஒரு கிலோவிலிருந்து 1.45 கிலோ ஆகிறது. வேகம் அதன் வர்க்கமூலத்தோடு போகும், அதாவது நொடிக்கு 5 மீட்டர் 6 ஆகும். இது எனக்குப் பெரிய உதவி. பெட்டி கழன்றதா என்று சொல்லத் தனி உணர்வி வேண்டாம், ஏறும் வேகமே காட்டிக்கொடுத்துவிடும்.

கழற்ற இரண்டு வழி யோசித்தேன். சின்ன சர்வோ மோட்டார் ஒரு ஊசியை இழுக்க, கயிறு விடுபடுவது ஒன்று. மின்சாரம் பாய்ந்தால் சிவக்கச் சூடாகும் நைக்ரோம் கம்பியை வைத்துக் கயிற்றை உருக்குவது இன்னொன்று. சர்வோவை உலர்பனியில் புதைத்துப் பார்த்தேன். மைனஸ் 78 டிகிரியில் உள்ளே இருக்கும் கிரீஸ் இறுகி, மோட்டார் முனகியதோடு சரி. வழியில் உள்ள காற்று இங்கே மைனஸ் 55, 60 வரை போகும், அதனால் இது மிகையான சோதனையும் இல்லை. கம்பிதான் என்று முடிவு செய்துவிட்டேன். நகரும் பாகம் இல்லாத எதுவும் அந்த உயரத்தில் எனக்கு நிம்மதி.

0.2 மில்லிமீட்டர் நைக்ரோம், 5 சென்டிமீட்டர் நீளம், மின்தடை 1.75 ஓம் வரும். இரண்டு லித்தியம் ஏஏ பேட்டரிகள் போதும். இவை மைனஸ் 40 வரை வேலை செய்பவை. சாதாரண ஆல்கலைன் பேட்டரியை இதற்கு நம்பவே கூடாது. குளிரில் நூல் உருகத் தாமதமாகும் என்று பலரும் பயப்படுவார்கள். ஆனால் காற்று மெலிந்த இடத்தில் கம்பியின் சூட்டைப் பிடுங்கிக்கொண்டு போக ஆளில்லை. காற்றை உறிஞ்சிய கண்ணாடி ஜாடிக்குள் வைத்தபோது அதே கம்பி வெளியில் இருந்ததைவிடப் பிரகாசமாகச் சிவந்தது, நூலும் சீக்கிரமே அறுந்தது. அதனால் மின்சாரத்தைச் சில நொடிகளுக்கு மேல் விடாமல் நிரலிலேயே கட்டுப்பாடு வைத்தேன். இல்லாவிட்டால் கம்பியே எரிந்து போகும்.

நூலிலும் ஒரு தேர்வு இருக்கிறது. தங்கூசி என்று நாம் சொல்லும் நைலான் நரம்பு உருக 220 டிகிரிக்கு மேல் வேண்டும். டைனீமா என்ற பின்னிய செயற்கை இழை நூலுக்கு 150 டிகிரியே போதும், அதே பருமனில் பலமும் அதிகம். ஆனால் அது வழுக்கும். சாதாரண முடிச்சு நிற்காது. பல சுற்றுச் சுற்றி மீன்பிடிப்பவர்கள் போடும் முடிச்சுதான் பிடிக்கிறது. ஒரே நூலில் இரண்டு கம்பிகள், ஒவ்வொன்றுக்கும் தனி பேட்டரி, தனி டிரான்சிஸ்டர். ஒன்று செத்தாலும் மற்றது அறுக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி தொங்கவிடும் வரிசை. மேலே பலூன், அதன் கீழ் பலூனின் சொந்த பாராசூட், பிறகு தெர்மாகோல் பெட்டிக்குள் கண்காணிப்புக் கருவி, அதன் அடியில் வெட்டும் கம்பி. விழ வேண்டிய பெட்டி எல்லாவற்றுக்கும் கீழே, உறியில் சட்டி போல, தன் பாராசூட்டின் உச்சியிலிருந்தே தொங்குகிறது. நூல் அறுந்ததும் பாராசூட் விரிவதற்கு எதுவும் நடக்க வேண்டியதில்லை. முதல் நொடியிலிருந்தே அது தலைக்கு மேல்தான் இருக்கிறது. பெட்டியை நடுவில் வைத்தால் கயிறு சிக்கும் என்பது தரையில் ஆட்டிப் பார்த்தாலே தெரியும். 2010-இல் அண்டார்டிகாவின் மேல் நடந்த கான்கார்டியாசி ஆய்வில், மாதக்கணக்கில் மிதந்த பலூன்கள் அறுநூறுக்கும் அதிகமான வானிலைக் கருவிகளை இப்படிப் போட்டுக்கொண்டே போயின. அந்தப் பலூன்களை நினைத்துத்தான் நான் இந்த வேலையில் இறங்கினேன்.

எப்போது அறுப்பது என்பதை ஜிபிஎஸ் உயரம் முடிவு செய்யும். யூ-பிளாக்ஸ் என்ற ஜிபிஎஸ் சில்லை, உயரத்தில் பறப்பவற்றுக்கான பயன்முறைக்கு மாற்ற வேண்டும். வாங்கியபடியே விட்டால் 12 கிலோமீட்டருக்கு மேல் உயரம் தராது. காற்றழுத்தத்தை வைத்து மறுபடி சரிபார்க்கிறேன். மலிவான பிஎம்பி280 அழுத்த உணர்வி இதற்கு ஆகாது, அது 300 மில்லிபார் வரைதான்; 25 கிலோமீட்டரில் அழுத்தம் 25 மில்லிபார். 10 மில்லிபார் வரை அளக்கும் எம்எஸ்5611 வைத்தேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் கம்பிக்கு மின்சாரம். ஜிபிஎஸ் செத்துவிட்டால் அழுத்தமும் கடிகாரமும் சேர்ந்து முடிவெடுக்கும்.

ஆகாயத்திலிருந்து எதையாவது போடுவது விளையாட்டு இல்லை. கீழே யாருக்கும் ஆபத்து வரக்கூடாது என்று இங்கே சட்டமே இருக்கிறது, பறக்கவிடுவதற்கு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். விண்ணப்பத்தில் கழற்றிவிடும் உயரத்தையும் இரண்டு இறங்கும் இடங்களையும் தனித்தனியாகக் காட்டினேன். கிழக்கு இங்கிலாந்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும், வட கடல் பக்கத்திலேயே இருக்கிறது. கோடையில் 20 கிலோமீட்டருக்கு மேல் காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து வரும். போன பலூன் கொஞ்சம் திரும்பி வரும். அதனால்தான் ஜூலையைத் தேர்ந்தெடுத்தேன்.

அப்புறம் பறக்கவிட்டோம். 25 கிலோமீட்டரைத் தொட ஒன்றரை மணி நேரம் போல ஆனது. 434 மெகாஹெர்ட்சில், 10 மில்லிவாட் லோரா ரேடியோவில், இரண்டு பெட்டிகளும் தனித்தனி அலைவரிசையில் பேசிக்கொண்டிருந்தன. கட்டளை போனதாகச் செய்தி வந்தது. அடுத்த சில செய்திகளிலேயே பலூனின் ஏறும் வேகம் 6-க்குப் போய்விட்டது, கீழ்ப் பெட்டியின் வேகம் எதிர்த் திசையில் 27-ஐத் தொட்டது. தரைக்கு அருகில் நொடிக்கு 5 மீட்டரில் இறங்கும் பாராசூட், அந்த மெல்லிய காற்றில் ஐந்தரை மடங்கு வேகமாக விழும் என்ற கணக்கோடு அது அப்படியே பொருந்தியதைப் பார்த்து நாங்கள் காருக்குள்ளேயே கத்தினோம். பெட்டி ஒரு கோதுமை வயலில் இறங்கியது, வயல்காரரிடம் கேட்டு எடுத்துக்கொண்டோம். பலூன் பெட்டி அதற்கு மேற்கே, கணிப்பில் காட்டிய பக்கமே கிடைத்தது.

முதல் கம்பியே நூலை அறுத்துவிட்டது, இரண்டாவதற்கு வேலை வரவில்லை. அடுத்த முறை முதல் கம்பியை வேண்டுமென்றே இணைக்காமல் அனுப்பி, இரண்டாவது தனியாகச் செய்கிறதா என்று பார்க்கப் போகிறேன். அதற்குப் பிறகுதான் ஒரே பலூனில் மூன்று சின்னப் பெட்டிகளை, வேறு வேறு உயரத்தில் விடும் வடிவமைப்பு. ஒவ்வொன்றும் 100 கிராமுக்குள் இருக்க வேண்டும். பேட்டரி எடைதான் இப்போது தடையாக நிற்கிறது.