ஒரு கையால் கழற்றக்கூடிய குழாய் இணைப்பு: முத்தையன்கட்டில் செய்து பார்த்தவை

முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டில் அக்காவின் கணவர் கச்சானும் (நிலக்கடலை) மிளகாயும் செய்கிறார். போரின் இறுதிக் காலத்தில் ஷெல் காயத்தால் அவருடைய இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது. பாத்தி கட்டுவது, தண்ணீர் மாறுவது, மருந்து அடிப்பது எல்லாவற்றையும் வலது கையாலேயே பழகிக்கொண்டவர், இரண்டு அங்குல ஹோஸ்களை ஒன்றோடொன்று பொருத்தவும் கழற்றவும் மட்டும் அக்காவையோ பிள்ளைகளையோ கூப்பிட வேண்டியிருந்தது. அதற்கொரு இணைப்பைச் செய்து தருகிறேன் என்று சொன்னபோது அவர் சொன்னது இதுதான்: "தம்பி, பூட்டுறதை எப்பிடியும் சமாளிப்பன். கழட்டுறதுக்குத்தான் மற்றக் கை தேவைப்படுது." அந்த வேலையை முடிப்பதற்கு எனக்கு இரண்டு இறைப்புக் காலங்கள் பிடித்தன.

எங்கள் பக்கத்தில் வழக்கமாகச் செய்வது, பி.வி.சி. சொக்கெற்றின் மேல் ஹோஸை ஏற்றி, சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டி இறுக்கிச் சுற்றுவது. அது நீர் ஒழுகாமல் பிடிக்கும். ஆனால் அவிழ்ப்பதற்குப் பல்லும் நகமும் வேண்டும். மண்ணெண்ணெய் பட்ட இடத்தில் ரியூப் ஊதிப் பிசுபிசுத்துப்போவதையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் பல்ப் பூட்டுவது போன்ற முறையைச் செய்து பார்த்தேன். நுழையும் துண்டில் இரண்டு முளைகள் இருக்கும். ஏற்கும் துண்டில் அவை புகுந்து திரும்புவதற்கு வளைந்த காடி (வெட்டிய பள்ளம்) இருக்கும். லேத் வேலைக்கு இது மிகவும் எளிது. ஆனால் நீர் நிறைந்த ஹோஸ் கனமானது என்பதோடு, அழுத்தம் ஏறும்போது தானாகவே சற்று முறுகவும் செய்கிறது. அந்த முறுக்கு ஒரு பக்கம் திரும்பினால் பூட்டை இறுக்கியது. மறுபக்கம் திரும்பினால் பூட்டைத் தளர்த்தியது. கழற்றுவதற்கோ இரண்டு துண்டுகளையும் எதிரெதிராகத் திருக வேண்டும், அதற்கு இரண்டு கைகள் வேண்டும். ஒரே வாரத்தில் அதைக் கைவிட்டேன்.

அடுத்தது காற்றுக் குழாய்களில் காணப்படும் உருக்குக் குண்டுப் பூட்டு. வெளிவளையத்தைப் பின்னுக்கு இழுத்தால் குண்டுகள் காடியிலிருந்து விலகி வழிவிடும். விட்டால் ஸ்பிரிங் வளையத்தை மீண்டும் முன்னுக்குத் தள்ளும். இழுக்கும் திசையும் கழற்றும் திசையும் ஒன்றாக இருப்பதால் ஒரு கை போதும் என்று மிகவும் மகிழ்ந்தேன். நான்காம் நாள் வளையம் அசைய மறுத்தது. பிரித்துப் பார்த்தபோது குண்டுகளைச் சுற்றிச் செம்மண் தூள் இறுகியிருந்தது. எங்கள் கிணற்று நீரின் சுண்ணாம்பு அதன் மேல் வெள்ளையாகப் படிந்து, குண்டுகளைச் சிமெந்து வைத்தது போலப் பிடித்திருந்தது. மண் புகாதபடி றப்பர் வளையங்களை வைத்து அடைத்தேன். மண் குறைந்தது, ஆனால் ஒருமுறை உள்ளே போனது வெளியே வரவேயில்லை.

அதன் பிறகு அடைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். குண்டுகளுக்குப் பதிலாக மூன்று அகலமான பித்தளைக் கொக்கிகளை வைத்து, அவை உட்காரும் துளைகளைக் கொக்கியைவிடச் சற்று நீளமாக, இருபுறமும் திறந்தபடி விட்டேன். வாளித் தண்ணீரில் ஒருமுறை முக்கி அலசினால் மண் தானாக வெளியேறுகிறது. மூடிய குண்டுப் பூட்டில் இதைச் செய்ய முடியாது.

அதிக காலம் எடுத்தது, நுழையும் துண்டில் கொக்கிகள் பற்றும் காடியின் சாய்வு. எங்கள் வாட்டர் பம்ப் 30 மீற்றர் உயரத்துக்கு நீரைத் தள்ளக்கூடியது; அழுத்தம் ஏறத்தாழ 3 பார் (அழுத்த அலகு) வரை போகலாம். நீர் ஒழுகாமல் தடுக்கும் வட்ட றப்பரான ஓ ரிங் அடைக்கும் இடத்தின் விட்டம் 60 மில்லிமீற்றர். அந்தப் பரப்பில் 3 பார் என்றால், இரண்டு துண்டுகளையும் பிரித்துத் தள்ளும் விசை ஏறக்குறைய 86 கிலோ பாரத்துக்குச் சமம். காடியின் சுவரை 45 பாகை சாய்த்தால், அதே அளவு விசை கொக்கிகளை வெளிப்புறம் தள்ளி வளையத்தோடு அழுத்தும்; அதனால் வரும் உராய்வை வென்று வளையத்தை இழுக்க 17 கிலோ அளவுக்குப் பலம் வேண்டும். சுவரைச் செங்குத்திலிருந்து 20 பாகை மட்டும் சாய்த்தபோது கணக்குப்படி அது 6 கிலோவுக்கு இறங்கியது. இன்னும் குறைக்கலாமே என்ற ஆசையில் 10 பாகையில் ஒன்றைக் கடையச் சொன்னேன். கொக்கிகள் காடியைக் கவ்வியபடியே நின்றன. வளையத்தைப் பின்னுக்கு இழுத்த பிறகும் துண்டு வெளியே வரவில்லை. சாய்வு உராய்வுக் கோணத்துக்கு (உராய்வை மீறி வழுக்கத் தொடங்கும் சாய்வு) கீழே போனால் கொக்கி தானாக விலகாது என்பதை ஏற்கனவே படித்திருந்தும், ஒரு பித்தளைத் துண்டைப் பழுதாக்கிய பிறகுதான் அதற்கு மதிப்புக் கொடுத்தேன். 20 பாகையிலேயே நிறுத்திக்கொண்டேன்.

ஓ ரிங்குக்கு நைட்ரைல் றப்பரைத் தேர்ந்தெடுத்தேன். மண்ணெண்ணெய்க் கையால் தொட்டாலும் அது ஊதாது. அதன் கனத்தில் 15 முதல் 20 வீதம் வரை நசுங்கும்படி காடியை வெட்டினோம். அதற்கு மேல் நசுங்கினால் ஒரு கையால் உள்ளே தள்ளுவது கடினம். நுழையும் துண்டின் விளிம்பை நீளமான சாய்வாகத் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகு, றப்பர் வெட்டுப்படுவதும் நின்றது. உறிஞ்சும் பக்கத்திலும் இதே இணைப்பைப் போட்டுப் பார்த்தேன். அங்கே ஒழுக்கு கண்ணுக்குத் தெரியாது. காற்று உள்ளே போய் இயந்திரம் தண்ணீரைப் பிடிக்காமல் வெறுமனே ஓடும். கோடையில் நீர்மட்டம் கீழே போய், உறிஞ்சும் உயரம் 7 மீற்றரை நெருங்கும்போது, சிறு காற்றொழுக்கும் இறைப்பை நிறுத்திவிடும். ஆகவே ஓ ரிங்கின் மேல் ஒரு மயிர் ஒட்டியிருந்தாலும் துடைத்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும் என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறேன்.

வயலில் போட்ட முதல் இரவே இணைப்பு கழன்றது. இரவு இறைப்பில் அத்தான் ஹோஸை அடுத்த பாத்திக்கு இழுத்தபோது, பிடுங்காமல் நின்ற மிளகாய்க் கட்டை ஒன்றில் வளையம் மாட்டிப் பின்னுக்குப் போனது. கச்சான் பாத்தி ஒன்று முழுவதும் கரைந்தது. பிழை என்னுடையது. ஏற்கும் துண்டை இயந்திரத்தின் பக்கம் வைத்திருந்தேன். வயலை நோக்கி இழுக்கும்போது தடையில் மோதும் வளையம் திறக்கும் திசையில் தள்ளப்பட்டது. துண்டுகளை மாற்றி, ஏற்கும் துண்டை வயல் பக்கம் வைத்ததும், அதே மோதல் வளையத்தைப் பூட்டும் திசையில் தள்ளியது. வளையத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மில்லிமீற்றர் உயரமான விளிம்புகளையும் கொடுத்தேன்.

கடைசியாக, நுழையும் துண்டின் அடியில் ஒரு தட்டையான தகட்டை ஒட்டவைத்தேன். அத்தான் அதைக் காலால் மிதித்துக்கொண்டு, வளையத்திலுள்ள கம்பிப் பிடியை வலது கையால் தன் பக்கம் இழுக்கிறார். திறப்பதும் பிரிவதும் ஒரே இழுப்பில் முடிகின்றன. இயந்திரத்தை நிறுத்தி, அழுத்தம் இறங்கிய பிறகே இழுக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அழுத்தத்தோடு கழன்ற ஹோஸ் எவ்வளவு வேகமாக வீசும் என்பதைப் பட்டறையிலேயே பார்த்துவிட்டேன்.

இப்போது அயலில் மூன்று அங்குல இயந்திரம் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். அடைப்பு விட்டம் 88 மில்லிமீற்றர் ஆகும்போது பிரிக்கும் விசை 186 கிலோ வரை போகிறது. வளையத்தை இழுக்கவும் இரண்டு மடங்குக்கு மேல் பலம் வேண்டும். அதற்குக் கம்பிப் பிடியின் இடத்தில் ஒரு குட்டை நெம்புகோலைப் பொருத்திப் பார்க்கப் பித்தளை வாங்கி வைத்திருக்கிறேன்.