கல்லாவில் ஆள் குறையும் பேரங்காடிகள்

பிரித்தானியாவில் 21 வயது நிரம்பியோருக்கான குறைந்தபட்ச ஊதியம் 2025 ஏப்ரலில் மணிக்கு 11.44 பவுண்டிலிருந்து 12.21 பவுண்டாக உயர்ந்தது. அதே மாதத்தில், ஊழியருக்காக முதலாளி அவர் சம்பளத்தின் மேல் அரசுக்குச் செலுத்தும் தேசியக் காப்புறுதித் தொகை 13.8 சதவீதத்திலிருந்து 15 சதவீதமானது. அதைக் கட்டத் தொடங்கும் ஆண்டுச் சம்பள வரம்பும் 9,100 பவுண்டிலிருந்து 5,000 பவுண்டாக இறங்கியது. குறைந்தபட்ச ஊதியத்தில் வாரம் 15 மணிநேரம் வேலை செய்பவருக்காக முன்பு எதுவுமே கட்டத் தேவையில்லாதிருந்த கடை, அந்த மாற்றத்துக்குப் பின் 2025-26இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 680 பவுண்டு கட்ட வேண்டியதாயிற்று. பகுதிநேர ஊழியர்களை நம்பி நடக்கும் பேரங்காடிகளுக்கு இது சிறிய தொகையன்று.

அந்த ஆண்டு ஜனவரியிலேயே செயின்ஸ்பரிஸ் பேரங்காடி நிறுவனம் 3,000 வேலைகளைக் குறைப்பதாகவும், எஞ்சியிருந்த 61 சிற்றுண்டிச்சாலைகளை மூடுவதாகவும் அறிவித்தது. இத்தகைய அறிவிப்புகள் செய்தியாகின்றன. ஆனால், கல்லாவிலிருந்து ஓசையில்லாமல் குறைக்கப்படும் மணிநேரங்களை யாரும் பேசுவதில்லை.

கடைக்காரர்களின் கணக்கு எனக்குப் புரிகிறது. மிச்சப்படும் வேலையை யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதே என் கவலை. நான் வழக்கமாகப் போகும் கடையில் வாடிக்கையாளரே பொருளை ஸ்கேன் செய்து பணம் கட்டும் எட்டுச் சுயசேவை இயந்திரங்களுக்கு ஒரே ஒரு பெண்தான் பொறுப்பு. பையின் எடை பிசகினாலும், ஒயின் வாங்குபவரின் வயதைச் சரிபார்க்க வேண்டியிருந்தாலும், விலை குறைத்து ஒட்டிய சீட்டு ஸ்கேன் ஆகாவிட்டாலும் சிவப்பு விளக்கு எரியும். ஒன்றைச் சரிசெய்துவிட்டு அவர் நிமிர்வதற்குள் அடுத்தது எரியும். உதிரிக் கேரட் எடுத்துவந்த முதியவர் ஒருவர், திரையில் அதன் படத்தைத் தேடிச் சலித்து, பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கவும், கேரட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். உதவிக்குப் போக அந்தப் பெண்ணுக்கு நேரமில்லை.

செலவைக் குறைக்க வேறு வழிகளும் உண்டு. சரக்கை வந்த அட்டைப்பெட்டியோடே அடுக்குவதும், காசாளர் புரட்டித் தேடாதபடி பொட்டலத்தின் பல பக்கங்களில் பார்கோடு அச்சிடுவதும் ஆல்டி என்ற மலிவுவிலைப் பேரங்காடியின் நெடுநாள் வழக்கம். வட இங்கிலாந்தின் பூத்ஸ் பேரங்காடி நிறுவனமோ, இரண்டு கடைகள் தவிர மற்றவற்றிலிருந்து சுயசேவை இயந்திரங்களை அகற்றப்போவதாக 2023 நவம்பரில் அறிவித்தது. எல்லாக் கடைகளும் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கடை திறந்திருக்கும் நேரம் முழுவதும் ஒரு கல்லாவிலாவது ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.