மாதச் சம்பளமும் மணிக் கணக்கும்

ஜெர்மனியிலிருந்து வேலைக்கான கடிதம் வந்தபோது நண்பர்கள் எல்லோரும் முதலில் செய்தது யூரோவை 90 ஆல் பெருக்கியதுதான். மாதம் 4,000 யூரோ, அப்படியென்றால் 3,60,000 ரூபாய். "அப்புறம் என்ன, செட்டில்தான்" என்றார்கள். சென்னைக்கு வெளியே ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் டிசைன் இன்ஜினியராக அப்போது நான் வாங்கிக்கொண்டிருந்தது ஆண்டுக்கு 12 லட்சம் சிடிசி, அதாவது ஒரு ஆளுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. பெருக்கிப் பார்க்க எல்லோருக்கும் வருகிறது. வகுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

12 லட்சம் சிடிசி என்றால் மாதம் ஒரு லட்சம் கைக்கு வரும் என்று கல்யாணத் தரகர்கள் மட்டும்தான் நம்புவார்கள். கம்பெனி போடும் பிஎஃப் பங்கு, 5 ஆண்டு தாக்குப்பிடித்தால் கிடைக்கிற கிராஜுவிட்டி, வந்தால் உண்டு என்கிற வேரியபிள் பே, இன்சூரன்ஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். என் பங்கு பிஎஃப்பும் வரியும் போக வங்கியில் விழுந்தது 78,000 சொச்சம். ஜெர்மனியின் 4,000 யூரோவும் முழுதாக வருவதில்லை. தனி ஆளுக்கான முதல் வரி வகுப்பு என்பதால் வருமான வரியே கணிசம். அதன்பின் ஓய்வூதியம், மருத்துவம், வேலையின்மை, முதுமைப் பராமரிப்பு என்று வரிசையாகக் காப்பீட்டுப் பிடித்தங்கள். ஓய்வூதியத்துக்கு மட்டும் சம்பளத்தில் 18.6 சதவீதம், அதில் பாதி நம்முடையது, பாதி நிறுவனத்தினுடையது. ஒரு நல்ல விஷயம், நிறுவனத்தின் பாதியையும் நம் சம்பளத்தில் சேர்த்துச் சொல்லிப் பெரிதாகக் காட்டும் வழக்கம் அங்கே இல்லை. எல்லாம் போக 2,600 யூரோ அளவில் கையில் நிற்கும். ரூபாயில் 2,34,000. சென்னைச் சம்பளத்தைப் போல 3 மடங்கு.

சரி, இந்தப் பணம் எத்தனை மணி நேரத்துக்கு?

சென்னையில் இதற்குப் பதில் சொல்வதே கஷ்டம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரு நாளைக்கு 9 மணி நேரம் என்றது. அதைத் தாண்டினால் இரட்டைச் சம்பளம். ஷாப் ஃப்ளோரில் மெஷின் ஓட்டியவர்களுக்கு அந்த ஓவர்டைம் உண்டு. மாடியில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு 'ஸ்டாஃப்' என்று பெயர், எங்களுக்குக் கிடையாது. ஆனால் கார்டு மட்டும் எல்லோரும் தேய்க்க வேண்டும். காலையில் 10 நிமிடம் தாமதமாக வந்தால் அது சிஸ்டத்தில் ஏறும், மாதத்தில் மூன்று முறை ஏறினால் அரை நாள் லீவு போய்விடும். இரவு 8 மணிக்குத் தேய்த்துவிட்டு வெளியே போவதும் அதே சிஸ்டத்தில்தான் பதிவாகும், அதை யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். 6 மணிக்குப் பையை எடுத்தால் பக்கத்து மேசையிலிருந்து, "என்ன பாஸ், இன்னைக்கு ஹாஃப் டே லீவா?" என்று குரல் வரும். சொல்பவருக்கும் வீட்டுக்குப் போக ஆசைதான். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும், மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். எங்கள் மாடியில் அன்றைக்கு ஓடிய ஜோக், "நமக்கு யாரு சார் வாபஸ் வாங்குவா?" என்பதுதான்.

அந்த மாடியில் என் சராசரி ஒரு நாளைக்கு 11 மணி நேரம். மாதம் 22 நாள் என்றால் 242 மணி நேரம், மணிக்கு 322 ரூபாய். ஜெர்மனி ஒப்பந்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று இருந்தது. அதே 22 நாளுக்கு 176 மணி நேரம், மணிக்கு 1,330 ரூபாய். மாதமாகப் பார்த்தால் 3 மடங்கு, மணியாகப் பார்த்தால் 4 மடங்குக்கும் மேலே. கம்பெனி பஸ்ஸில் கழிந்த நேரத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை.

அந்த 40 மணி நேரமும் சும்மா எழுதி வைத்ததில்லை. ஜெர்மன் வேலை நேரச் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம். 10 வரை நீட்டலாம், ஆனால் சில மாதச் சராசரி 8-ஐத் தாண்டக் கூடாது. ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் தொடங்க 11 மணி நேரம் இடைவெளி வேண்டும். சேர்ந்த சில மாதங்களில் ஒரு டிராயிங்கை வெளியிடும் அவசரத்தில் இரவு வரை உட்கார்ந்து முடித்தேன். மறுநாள் குரூப் லீடர் என் மேசைக்கு வந்தார். பாராட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "நேற்று 10 மணி நேரம் 20 நிமிடம் வேலை செய்ததாகக் காட்டுகிறது. இனிமேல் இப்படி ஆகும் போலத் தெரிந்தால் மதியமே சொல்லுங்கள், தேதியைத் தள்ளிவைக்கலாம்" என்றார். அவர் முகத்தில் கருணையெல்லாம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. விதியை மீறினால் நிறுவனத்துக்கு 30,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. என் அதிகப்படி நேரம் அவருக்குத் தலைவலி. சென்னையில் அது யாருக்கும் தலைவலியாக இருந்ததில்லை.

இரண்டு இடத்திலும் மனிதர்கள் ஒரே மாதிரிதான் என்பது என் அபிப்பிராயம். ஜெர்மன்காரன் சுறுசுறுப்பு, நம்மவர் சோம்பேறி என்ற பேச்சை நான் ஏற்கவே மாட்டேன். கணக்கில் வராத நேரம் இலவசம், இலவசமாகக் கிடைப்பதை யாரும் பார்த்துச் செலவழிப்பதில்லை. சென்னையில் வாடிக்கையாளரின் 7 மணி அழைப்புக்காக ஐந்து பேர் காத்திருப்போம், கடைசியில் ஒருவர்தான் பேசுவார். அங்கே அதே அழைப்புக்கு ஒருவரைத்தான் கூப்பிடுவார்கள், ஐந்து பேர் வந்தால் ஐந்து பேரின் நேரமும் புராஜெக்ட் கணக்கில் ஏறும் என்பதால். பதிலுக்கு அந்த 8 மணி நேரத்தைப் பிழிந்து எடுத்துவிடுவார்கள். 11 மணிக்கு டீ குடிக்கப் போய் அரை மணி நேரம் அரசியல் பேசும் சுகம் அங்கே இல்லை. அது எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது.

விடுமுறையைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஒன்று மட்டும். வாரம் 5 நாள் வேலைக்குச் சட்டப்படி குறைந்தது 20 நாள், பல நிறுவனங்களில் 30. அந்த விடுமுறையில் காய்ச்சல் வந்து படுத்தால், டாக்டர் சான்று இருக்கும் பட்சத்தில், அந்த நாட்கள் விடுமுறைக் கணக்குக்கே திரும்பிவிடும். ஊரில் இதைச் சொன்னால் என் சித்தப்பா இன்றுவரை நம்புவதில்லை.

ஆனால் மணிக்கு விலை வைத்துவிட்டால் அது எனக்கு மட்டும் வைத்ததாகாது. சமையலறைக் குழாய் ஒழுகிப் பிளம்பரை அழைத்தேன். வேலை என்னவோ சின்னதுதான். பில்லில் அவர் வண்டியில் வந்ததற்கு ஒரு தொகை, கால் மணி நேரக் கணக்கில் வேலைக்கு ஒரு தொகை, வாஷருக்கு ஒரு தொகை, அடியில் 19 சதவீத வரி. என் அரை நாள் சம்பளம் போய்விட்டது. அடுத்த முறை நானே ஸ்பானரை எடுத்தேன். சமையல், துடைப்பது, முடி வெட்டுவது வரை நம் கையாலேயே செய்துகொள்கிறோம். 5 மணிக்கு வீட்டுக்கு வந்த நேரத்தில் பாதி அதில் கரைகிறது.

சென்னையில் 11 மணி நேரம் என்னால் அலுவலகத்தில் இருக்க முடிந்ததற்கு, வீட்டில் பாத்திரம் துலக்கி, பெருக்கி, துவைத்த துணியை மடித்து வைத்துவிட்டுப் போன அக்கா ஒரு காரணம். மாதம் 2,500 ரூபாய். ஞாயிற்றுக்கிழமையும் வருவார். இப்படி நான்கு வீடு. அவருக்கு மணிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்க எனக்கு ஜெர்மனி போன பிறகுதான் தோன்றியது. ஜெர்மனியில் 2015-இல் 8.50 யூரோவில் தொடங்கிய குறைந்தபட்சக் கூலி 2025-இல் மணிக்கு 12.82. அந்தக் கூலியில் அக்கா ஒரு வீட்டுக்கு மாதம் முழுக்க வந்துபோவதற்கான பணத்தை இரண்டேகால் மணி நேரத்தில் சம்பாதித்துவிடலாம். அவர் என் வீட்டு வேலையை முடிக்க ஒரு நாளைக்கே ஒன்றரை மணி நேரம் ஆகும்.