அப்பாவின் பசிக் கணக்கு

2024 ஜூலை 8

காலை 8.10க்கு நாலு இட்லி, சாம்பார். எட்டரைக்கு அப்பா கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்: "டிபன் இன்னும் ஆகலையாம்மா?" இப்பத்தானேப்பா சாப்பிட்டீங்க என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. மறுத்துப் பேசவில்லை. ஆனால் நான் சொன்னதை நம்பவும் இல்லை. சொந்த வீட்டில் மகள் தன்னைப் பட்டினி போட்டுவிட்டு பொய்யும் சொல்கிறாள் என்று 78 வயதில் ஒருவர் நினைக்க நேர்ந்தால், அது எப்படி இருக்கும்?

சித்தி போனில், "வயசானா நாக்கு கேக்கும்டி, கண்டுக்காதே" என்றாள். இது நாக்கு சமாச்சாரம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜூலை 9

சர்க்கரை, தைராய்டு இரண்டும் சரியாக இருக்கின்றன. மறதி கூடக்கூட இப்படித்தான் கேட்பார் என்றார் டாக்டர். ஏன் அப்படி என்று கேட்க அங்கே நேரமில்லை, வெளியே கூட்டம்.

இரவு, அஞ்சல் வழியில் எம்.ஏ. உளவியல் படித்தபோது வாங்கிய புத்தகங்களை எடுத்தேன். ஊக்கம் பற்றிய பாடத்தில் முதல் உதாரணமே பசிதான். உடலில் ஒன்று குறைகிறது, உள்ளே ஓர் உந்துதல் எழுகிறது, சாப்பிடுகிறோம், உந்துதல் அடங்குகிறது. கிளார்க் ஹல் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்னது. பரீட்சைக்கு உருப்போட்டு எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டில் இந்தக் கணக்கு இடிக்கிறது. சாப்பிட்டாயிற்று, உந்துதல் அடங்கவில்லை.

பசி வயிற்றில்தான் இருக்கிறது என்பதற்கு ஒரு காலத்தில் சாட்சி இருந்தது. 1912இல் வால்டர் கேனன் என்ற உடலியங்கியல் அறிஞர் தன் மாணவர் வாஷ்பர்னை ஒரு பலூனை விழுங்க வைத்து, வயிறு சுருங்கும்போதெல்லாம் அவருக்குப் பசிக்கிறது என்று காட்டினார். ஆனால் வயிற்றையே அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டவர்களுக்கும் பசிக்கிறது.

ஜூலை 10

மூளையில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி. அதன் பக்கவாட்டுப் பகுதியைச் சிதைத்தால் எலி சாப்பிடுவதையே விட்டுவிடுகிறது என்று 1951இல் யேல் பல்கலைக்கழகத்தில் கண்டவர்களில் ஒருவர் நம் நாட்டு பி. கே. ஆனந்த். பிறகு டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையைத் தொடங்கி வைத்தவரும் அவரே. ஒரு சுவிட்ச் பசிக்கு, இன்னொன்று நிறைவுக்கு என்று அப்போது நினைத்தார்கள். அவ்வளவு எளிதில்லை என்று பின்னால் தெரிந்தது. 1994இல் லெப்டின் வந்தது: கொழுப்புத் திசு தன் கையிருப்பை மூளைக்குச் சொல்லும் செய்தி. 1999இல் ஜப்பானில் க்ரெலின்: வயிறு அனுப்பும் பசிச் செய்தி.

எல்லாம் சரி. இதில் மறதி எங்கே வருகிறது?

ஜூலை 12

கிடைத்துவிட்டது. இதை நிதானமாக எழுத வேண்டும்.

ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு புதிதாக எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. ஒருநாள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் தட்டை எடுத்துவிட்டு, சற்று நேரத்தில் இன்னொரு முழுச் சாப்பாட்டை வைத்தார்கள். அவர் அதையும் ஏறக்குறைய முழுக்கச் சாப்பிட்டார். 1998இல் உளவியலாளர் பால் ரோசினும் அவருடைய குழுவினரும், கடுமையான மறதி கொண்ட இருவரிடம் இதையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து பத்து முதல் முப்பது நிமிடத்தில் இன்னொன்று. அதையும் சாப்பிட்டார்கள். மூன்றாவது வந்தபோதும் பெரும்பாலும் கை வைத்தார்கள்.

அப்படியானால் 'சாப்பிட்டாயிற்று' என்ற நினைவும் வயிறு நிறைவதில் ஒரு பங்கு. நாமெல்லாம் மதியம் சாப்பிட்டதை மனதில் வைத்துக்கொண்டே நாலு மணி முறுக்கை அளந்து எடுக்கிறோம். நல்ல நினைவுள்ளவர்களிடமும் சூசன் ஹிக்ஸ் என்ற உளவியலாளர் இதைப் பார்த்திருக்கிறார். மதியச் சாப்பாட்டை நினைத்துப் பார்க்கச் சொன்னால், பிறகு தரும் பிஸ்கட்டைக் குறைவாகச் சாப்பிடுகிறார்கள்.

அப்பா பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே டிபன் ஆகவில்லை.

ஜூலை 14

சாப்பிட்ட தட்டைக் கழுவ எடுக்காமல் அவர் முன்னாலேயே விட்டு வைத்தேன். பார்த்தால் நினைவு வரட்டும் என்று. "யாரு எச்சில் தட்டும்மா இது, என் முன்னால வெச்சிருக்கே?" என்று கோபப்பட்டார். தப்பு என்னுடையது. அந்தத் தட்டில் அவர் கண்ணுக்கு அவர் இல்லை.

ஜூலை 17

மூன்று நாளாக அவர் கேட்கும் நேரத்தையெல்லாம் குறித்தேன். இன்று மட்டும் ஒன்பது தடவை. அதில் பாதிக்கு மேல், சாப்பிட்டு முடித்த அரை மணிக்குள். மீதியில் பெரும்பாலானவை பதினொன்றுக்கும் நாலுக்கும் பக்கத்தில். பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. அரிசி ஆலையில் டீ வரும் நேரம் அது! முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே கணக்கு எழுதியவர். வழக்கமாகச் சாப்பிடும் வேளைக்குச் சற்று முன்பே க்ரெலின் ஏறிவிடும் என்று படித்திருந்தேன். காலையில் சாப்பிட்டது மறந்துபோகிறது, ஆலை நேரம் இன்னும் உடம்பில் இருக்கிறது.

ஆக, அவருக்குப் பசி இரண்டு வகை. பதினொன்றுக்கும் நாலுக்கும் வருவதற்குச் சாப்பிடத் தர வேண்டும், அதில் பேச்சே இல்லை. மற்றதற்கு வேறு ஏதாவது செய்ய வேண்டும்.

ஜூலை 19

இன்று நன்றாகப் பேசினார். 1967 தேர்தல், "ரூபாய்க்கு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்ற பேச்சு, அதற்கு முந்தைய அரிசிப் பஞ்சத்தில் மரவள்ளிக்கிழங்கை அவித்து மூன்று பேர் பங்கிட்டது, கடைசித் துண்டை அவர் அம்மா முந்தானையில் முடிந்து வைத்தது. எல்லாம் வரிசையாக. நேற்றைய சாப்பாடு இல்லை, அந்தத் துண்டு இருக்கிறது.

1944-45இல் மினசோட்டாவில் 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்த ஆய்வு ஒன்று உண்டு. மற்ற ஆசைகள் ஒவ்வொன்றாக அவர்களிடம் வற்றின. பேச்சும் கனவும் சாப்பாடாகவே ஆயின, சமையல் புத்தகங்களைத் தேடிப் படித்தார்கள். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று நாம் சொல்வதுதான். சோறில்லாமல் இருபது வயதைக் கடந்தவரிடம், "இப்பத்தானே சாப்பிட்டீங்க" என்று இத்தனை நாள் எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 21

நீள நோட்டு ஒன்று வாங்கினேன், ஆலையில் அவர் எழுதியது போல. சாப்பிட்டு முடித்ததும், கை கழுவிய ஈரம் காய்வதற்குள், அவரையே எழுத வைத்தேன். வரவு என்று தலைப்புப் போட்டு, கோடு இழுத்து, நேரம் பார்த்து எழுதினார்: "8.15. இட்லி 4. காபி." கீழே சுழித்த கையெழுத்து.

எட்டே முக்காலுக்குக் கேட்டார். நோட்டை நீட்டினேன். விரலை வரியில் ஓட்டி, "என் கையெழுத்துதான்" என்றார். "ஆனா வயிறு ஒத்துக்கலையே." அரை டம்ளர் மோர் கொடுத்தேன்.

ஜூலை 24

மாலை நாலு மணிக்குச் சுண்டலும் டீயும். நான் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது, யாரும் சொல்லாமலே எழுதியிருந்தார்: "4.05. சுண்டல், டீ. போதும்."

4.30க்கு மறுபடி பசிக்கிறது என்றார். நோட்டைக் கையில் கொடுத்தேன். படித்தார். கடைசிச் சொல்லை இன்னொரு தடவை வாய்விட்டுப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி நோட்டின்மேல் வைத்துவிட்டு, வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.