நெட் அச்சுக்கலைப் பகுதி: வாசலில் யார் நிற்கிறார் என்று பாருங்கள்

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் விஷுவல் ஆர்ட்ஸ் பாடத்துக்கு முதல் தடவை படித்தபோது, அச்சுக்கலைப் பகுதியை, அதாவது தகட்டில் படம் செதுக்கித் தாளில் அச்செடுக்கும் கலையைப் பற்றிய பகுதியை, பெயர், ஆண்டு என்று உருப்போட்டேன். தேர்வில் உட்கார்ந்ததும் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிப்போனது. அடுத்த தடவை ஏழைகளையும் கிராமத்து மக்களையும் காட்டும் படங்களை மட்டும் தனியாக எடுத்து, ஒவ்வொன்றையும் பென்சிலால் வரைந்து பார்த்தேன். அப்போதுதான் ஆண்டு வரிசை தானாக மனதில் நின்றது.

ஃபிளாண்டர்ஸ் ஓவியர் பீட்டர் புரூகலின் 'ஒல்லிச் சமையலறை', 'கொழுத்த சமையலறை' என்ற 1563-ல் வந்த இரண்டு அச்சுப் படங்களிலிருந்து தொடங்குங்கள். ஒன்றில் எலும்பும் தோலுமாக இருப்பவர்கள் தங்களிடம் உள்ள கொஞ்சத்தைச் சாப்பிட வா என்று குண்டு மனிதரைக் கூப்பிடுகிறார்கள், அவரோ வாசல் வழியே நழுவப் பார்க்கிறார். மற்றதில் பசியோடு வந்த ஒல்லி மனிதரை அடித்து வெளியே தள்ளுகிறார்கள். வரைந்தவர் புரூகல், செப்புத்தகட்டில் செதுக்கியவர் பீட்டர் வான் டெர் ஹைடன், ஆண்ட்வெர்ப்பில் பதிப்பித்தவர் ஹிரோனிமஸ் காக். இந்த மூன்று பெயரையும் பிரித்துப் படிக்கவில்லை என்றால் பொருத்துக கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம் ஜாக் கல்லோ என்ற அச்சுக் கலைஞர் 1620-களில், இன்றைய பிரான்சில் உள்ள நான்சி நகரில் செய்த 25 பிச்சைக்காரர் படங்கள். பார்த்தால் என்கிரேவிங் (தகட்டைக் கருவியால் நேரடியாகச் செதுக்குவது) மாதிரி தெரியும், ஆனால் எட்சிங் (தகட்டின் மேல் பூசிய மெழுகில் கோடு கீறி, அமிலத்தால் அரிக்க வைப்பது). எஷோப் என்ற சாய்வு முனைக் கருவியால் கோட்டைத் தடித்தும் மெலிந்தும் இழுத்திருக்கிறார். இதில் வாசலும் இல்லை, வீடும் இல்லை, வெறும் வெள்ளைத் தாளில் கிழிசல் உடையோடு அவர்கள் நிற்கிறார்கள்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் இளவயதில் கல்லோவின் இந்த வழியில்தான் பிச்சைக்காரர்களை வரைந்தார். 1648-ல் அவர் செய்த எட்சிங்கில் வாசல் திரும்ப வருகிறது. ஏறக்குறைய 16 செ.மீ. உயரம்தான், எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த படம் இது. கதவின் கீழ்ப்பாதி சாத்தியிருக்கிறது, மேல்பாதி வழியே முதியவர் காசு கொடுக்கிறார், முதுகில் குழந்தையைச் சுமந்த பெண் கை நீட்டி வாங்குகிறாள், முன்னால் ஒரு பையன் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். யாருமே கேலிப் பொருளாக இல்லை.

ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இந்தப் படத்தை இலவசமாகவே பெரிதாக்கிப் பார்க்கலாம். அந்த இரண்டு கைகளும் சந்திக்கும் இடத்தை ஒரு தடவை வரைந்து பாருங்கள்.