கோத்தகிரி ரோடும் என் டூல் பையும்

போன மாதம் கூக்கல்தொரைப் பக்கம், பச்சைத் தேயிலை எடை போடுகிற ஒரு லீஃப் ஷெட்டில் தராசு ரிப்பேர் முடித்து, எடைக்கல் வைத்துச் சரிபார்த்து, ரசீது எழுதப்போகிற நேரத்தில் சும்மா ஒரு ஆசைக்கு என் வண்டியின் டூல் பையைத் தூக்கித் தராசில் வைத்தேன். 2 கிலோ 260 கிராம். கணக்கு எழுதுகிறவர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இதுக்கும் ஈரத்துக்குக் கழிச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டார். மழைக்காலத்தில் பச்சைத் தேயிலைக்கு ஈரக் கழிவு போட்டுப் போட்டுப் பழகிய வாய்.

2010-ல் நான் இந்த வேலைக்கு வந்தபோது இதே பை ஏழு கிலோவாவது இருந்திருக்கும். அப்போது எடை போட்டுப் பார்க்கவில்லை, ஆனால் தராசோடு புழங்குகிறவனுக்குக் கை சொல்லிவிடும்.

என் வேலை எலக்ட்ரானிக் தராசு சர்வீஸ். கோத்தகிரி, கீழ்க்கோத்தகிரி, கட்டபெட்டு, குன்னூர், சில நாள் ஊட்டியும் அதைத் தாண்டியும். நாளைக்கு அறுபது எழுபது கிலோமீட்டர், 100 சிசி வண்டியில். சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் பத்துப் பத்து கிலோ இரும்பு எடைக்கல் தொங்கும், ஏனென்றால் கீழே கோவையில் சரிபார்த்து அனுப்பிய தராசை மேலே கொண்டுவந்து வைத்தால், உயரம் கூடக் கூடப் புவியீர்ப்பு ஒரு துளி குறைவதால், 50 கிலோவுக்குப் பத்து இருபது கிராம் குறைத்துத்தான் காட்டும். மேலே வந்த பிறகு கல்லை வைத்து மறுபடி செட் பண்ணியாக வேண்டும். சரி, அது வேறு கதை. கல்லைக் குறைக்க முடியாது, அதனால் வண்டியில் நான் குறைக்க முடிந்தது இந்த டூல் பையை மட்டும்தான்.

ஆரம்பத்தில் அந்தப் பையில் என்ன இல்லை என்று கேளுங்கள். சாக்கெட் செட், சுத்தியல், உளி, பெரிய பைப் ரென்ச், செயின் கழற்றுகிற கருவி, நாலு சைஸ் ஸ்க்ரூ டிரைவர். என்ன வேண்டுமானாலும் உடையலாம் என்ற பயத்தில் கட்டிய பை அது. அத்தனையும் சுமந்துகொண்டு போயும் ஒரு நவம்பர் மாதச் சாயங்காலம் சோலூர்மட்டத்திலிருந்து திரும்பும்போது, ஏற்றத்தில், மஞ்சு பத்தடிக்கு மேல் தெரியாமல் இறங்கியிருந்த நேரத்தில், கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. பையில் ஏழு கிலோ இரும்பு இருக்கிறது, நூறு கிராம் கேபிள் இல்லை.

கிளட்ச் இல்லாமல் வண்டி ஓட்டலாம். இன்ஜினை நியூட்ரலில் ஓடவிட்டு, வண்டியை உருட்டி நடை வேகம் வந்ததும் செகண்ட் கியரை மிதித்தால் ஒரு குலுக்கலோடு பிடித்துக்கொள்ளும். ஆனால் அதற்கு வண்டி உருள வேண்டும். ஏற்றத்தில் இருபது கிலோ கல்லோடு எப்படி உருட்டுவது? இறக்கத்தில் உருளும், ஆனால் இறக்கம் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் போகிறது. அன்றைக்கு எனக்கு நடந்தது அதுதான். வண்டியைத் திருப்பி, வந்த வழியே இறங்கி, சாயங்காலம் நான் தராசு பார்த்துக் கொடுத்த அதே ஷெட்டில் சாக்குகளின் மேல் படுத்தேன். ராத்திரி இரண்டு மணி வாக்கில் வெளியே ஏதோ கரடி வந்து தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. கரடிதான் என்று காலையில் ஷெட்டுக்காரர் சொன்னார், நான் எழுந்து பார்க்கப் போகவில்லை.

மறுநாள் அரவேனுவில் கேபிள் மாற்றிய மெக்கானிக் அண்ணன், அறுந்த முனையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு விஷயம் காட்டினார். கேபிள் நடுவில் அறுவதில்லை, பெரும்பாலும் கிளட்ச் லிவர் பக்கம் கம்பி முனையில் இருக்கிற அந்தச் சின்ன உருளைக்குப் பக்கத்தில்தான் அறுகிறது. அந்த உருளை லிவரின் குழிக்குள் சுற்றிக் கொடுக்க வேண்டும். கிரீஸ் இல்லாமல் காய்ந்துபோனால் அது சுற்றாது, அப்புறம் கிளட்ச் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் கம்பி ஒரே இடத்தில் மடங்கும். கொண்டை ஊசி வளைவு ரோட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கிளட்ச் பிடிக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். "தம்பி, இது ஒரே நாள்ல அறுந்தது இல்ல. ஒவ்வொரு இழையா வாரக்கணக்கா அறுந்திருக்கு. நீ பாக்கல, அவ்வளவுதான்" என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் லிவரைப் பிடித்து அந்த இடத்தைப் பார்ப்பேன். ஒரே ஒரு இழை பிசிறி நின்றாலும் கேபிளை மாற்றிவிடுவேன். ஒரு சொட்டு கிரீஸ், இரண்டு நிமிடம். அவர் சொல்லிக் கொடுத்த இன்னொன்று, ஸ்பேர் கேபிளைப் பையில் சுருட்டி வைக்காதே என்பது. பழைய கேபிள் போகிற வழியிலேயே, அதை ஒட்டியே, புதிய கேபிளையும் கோர்த்து டேப் சுற்றி விட்டுவிட வேண்டும். இரண்டு முனையையும் சைக்கிள் டியூப் துண்டால் மூடிக் கட்டினால் தண்ணீர் இறங்காது. அறுந்தால் டேங்கைக் கழற்ற வேண்டாம், இருட்டில் ஹெட்லைட்டுக்குப் பின்னால் வழி தேட வேண்டாம், இரண்டு முனையை மாற்றி மாட்டினால் போதும். விரல் விறைத்துப்போன குளிரில் இதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த மனுஷனின் அருமை தெரியும். ஆக்சிலேட்டர் கேபிளுக்கு நான் ஸ்பேர் வைத்துக்கொள்வதில்லை. கார்புரேட்டர் வண்டியில் அது அறுந்தால் ஐடிலிங் ஸ்க்ரூவை ஏற்றி வைத்துவிட்டு, முதல் இரண்டு கியரில் உருட்டிக்கொண்டே பக்கத்து ஊருக்குப் போய்விடலாம்.

அந்த ராத்திரிக்குப் பிறகு பைக்கு ஒரே ஒரு கேள்விதான் வைத்தேன்: இருட்டுவதற்குள் அடுத்த ஒர்க்ஷாப் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்குமா? சேர்க்காத சாமான் எல்லாம் ஒவ்வொன்றாக வீட்டுப் பரணுக்குப் போனது. சுத்தியல் முதலில் போனது. ரோட்டோரம் கல்லுக்கா பஞ்சம்? சாக்கெட் செட் போனது, 10, 12, 14 ஸ்பேனரும் பின்சக்கர ஆக்சில் நட்டுக்கு ஒரு ரிங் ஸ்பேனரும் மட்டும் நின்றன. அந்த ஆக்சில் நட்டு சைஸ் வண்டிக்கு வண்டி மாறும், கம்பெனி கொடுக்கிற கிட்டில் உள்ள ஸ்பேனர் தகரம் மாதிரி விரிந்துவிடும், அதனால் அளவு பார்த்து நல்ல ஸ்பேனராக ஒன்று வாங்கிவிடுங்கள். 14 ஸ்பேனர் என் வண்டியில் பின் பிரேக் நட்டுக்கு. கல்லோடு இறங்குகிற நாளில் டிரம் பிரேக் சூடாகி மிதி ஆழமாகப் போகும், ஒரு சுற்று இறுக்கினால் தாக்குப்பிடிக்கும். ஆனால் அது வைத்தியம் இல்லை. எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டுக் கல்லட்டியில் 36 வளைவையும் உருண்டே இறங்கினேன் என்று பெருமை பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஸ்பார்க் பிளக் கதையும் இந்த மலைக்கென்றே உள்ளது. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது, மேட்டுப்பாளையத்தில் விட்ட அதே பெட்ரோலை இங்கேயும் விடும். எரியாத மிச்சம் கரியாகப் பிளக்கில் படியும். பனி விழுகிற ஜனவரி காலையில் சோக் போட்டு கிக்கர் அடித்து அடித்துக் கால் வலித்தால், பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், அடுப்புக்கரி மாதிரி இருக்கும். ஒரு பிளக் ஸ்பேனர், துணியில் சுற்றிய ஒரு புதுப் பிளக், ஒரு துண்டு உப்புத்தாள், உடைந்த ஹாக்ஸா பிளேடு ஒரு விரல் நீளம். பிளேடு எதற்கு என்றால் அதன் கனம் முக்கால் மில்லிக்குச் சற்றுக் குறைவு, பிளக் இடைவெளிக்குள் அது கொஞ்சம் தளர்வாக நுழைந்தால் சரியான அளவு. இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் எல்லாம் வேண்டாம்.

மற்றவை பொடி சாமான்கள். இன்சுலேஷன் டேப், ஒரு முழம் கட்டுக்கம்பி, இரண்டு ஃபியூஸ், ஹெட்லைட் பல்பு ஒன்று, கட்டிங் பிளேயர். பாதி சோப்பு. சிரிக்காதீர்கள், டேங்கிலோ பெட்ரோல் குழாயிலோ கசிவு வந்தால் குளிக்கிற சோப்பைப் பிசைந்து அப்பினால் நிற்கும், பெட்ரோலில் அது கரையாது. ஓட்டை அடைக்கிற எம்-சீல் பசை காய்கிற வரைக்கும் அந்தக் குளிரில் யார் உட்கார்ந்திருப்பது? தலையில் மாட்டுகிற டார்ச் கட்டாயம், போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வேலை பார்த்த அனுபவம் எனக்கு ஒருமுறை போதும். நீலகிரியில் பிளாஸ்டிக் பை தடை, அதனால் எல்லாவற்றையும் பழைய லாரி டியூபை வெட்டித் தைத்த பையில் போட்டு, எண்ணெய்ப் பனியன் துணியில் சுற்றி வைக்கிறேன். ஆறு மாதம் மஞ்சில் நனைகிற ஊரில் எண்ணெய் தடவாத ஸ்பேனர் ஆணி மாதிரித் துருப்பிடித்துவிடும்.

இன்னொன்று பையில் வைக்க முடியாதது. வளைவில் வண்டி நின்றால் அங்கேயே உட்கார்ந்து கழற்றாதீர்கள், தள்ளிக்கொண்டு நேர் ரோட்டுக்கு வந்துவிடுங்கள். குஞ்சப்பனைப் பக்கம் பலா பழுக்கிற காலத்தில் யானை எந்த வளைவில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, காட்டுமாடு கோத்தகிரி ஊருக்குள்ளேயே நிற்கிறது. அப்புறம் சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லை, வேலை முடிந்ததும் எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். எவனோ விட்டுப்போன கல்லில் ஏறி நான் ஒருமுறை முட்டி பெயர்ந்திருக்கிறேன்.

2020 ஏப்ரலில் வண்டிப் புகைக்கான புது விதி, பிஎஸ்-6, வந்தது. மறு வருஷம் நானும், கார்புரேட்டர் இல்லாமல் சென்சார் பார்த்துப் பெட்ரோலை அளந்து விடுகிற ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டி வாங்கினேன், பை இன்னும் இளைத்தது. பிளக் கரிப்பிடிப்பது அனேகமாக நின்றுவிட்டது. ஆனால் பேட்டரி சுத்தமாக இறங்கினால் பெட்ரோல் பம்பும் ஓடாது, கிக்கரை உதைத்துப் பெரும்பாலும் பிரயோஜனம் இருக்காது. ரிசர்வுக்குத் திருப்புகிற குமிழும் இல்லை. பழைய வண்டியில் பெட்ரோல் கடைசிச் சொட்டுக்கு வந்தாலும் ஒரு தைரியம் இருக்கும், இப்போது பாதி டேங்குக்குக் கீழே இறங்கினாலே பங்க் தேடுகிறேன்.

டயர் விஷயத்தில்தான் இந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்த தம்பியோடு எனக்குத் தகராறு. புது வண்டிக்கு ட்யூப்லெஸ், அதனால் டயர் லிவர், ட்யூப் எல்லாம் போய், ஊசி, துளையைச் சுரண்டுகிற கம்பி, ஐந்து ரப்பர் ஸ்ட்ரிப், ஒரு சின்னக் கால் பம்ப் என்று வந்து நின்றேன். அவன் பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்று வைத்திருந்தான். அரைக் கிலோ. "அண்ணா, பட்டனை அமுக்கினா போதும்" என்றான். சார்ஜ் போட மறந்த நாளில் என்ன செய்வாய், குளிரில் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று பெரிய மனுஷனாகப் பேசினேன். போன வியாழக்கிழமை ஊட்டியில் ஏரிப்பக்கம் குதிரை லாடத்து ஆணி ஒன்று என் பின் டயரில் ஏறியது. ஆணியைப் பிடுங்கி ஸ்ட்ரிப் சொருகிவிட்டுக் கால் பம்பை மிதிக்கிறேன், காற்றே ஏறவில்லை. ஒரு வருஷமாகத் தொடாத பம்ப், உள்ளே வாஷர் காய்ந்து சுருங்கிக் கிடந்தது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அவன் பையைத் திறந்து அந்த டப்பாவை எடுத்து மாட்டிவிட்டு, எனக்கு ஒரு டீயும் சொன்னான். டீ வருவதற்குள் டயர் ஏறிவிட்டது.

நேற்று நானும் ஒன்று வாங்கினேன். பை இப்போது இரண்டு கிலோ எழுநூறு.