எர்த்தில் தொலைந்த 2.2 வோல்ட்

நேற்று மாலை, காரில் போட்ட புதிய ஹோர்ன் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதன் இரு முனைகளிலும் மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தேன்; 11.8 வோல்ட் காட்டியது. சென்ற ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் 9.7 வோல்ட்தான் இருந்தது. இந்த வேலையில் மொத்தம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயிருக்கின்றன என்பதால், நடந்ததை முழுமையாக எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு தலவாக்கலைக்கு மேலே, தோட்டப் பாதையின் முடிவில் இருக்கிறது. வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவு உண்டு. ஒரு பக்கம் மண் அணை, மறு பக்கம் பள்ளம். தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அங்கே பனிமூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. கொழுந்து லொறி, ஆட்டோ, மலையிலிருந்து இறங்கும் பெண்கள், பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான் வழி. சென்ற ஜூலையில் ஒரு காலை, நான் ஹோர்ன் அடித்துக்கொண்டே வளைவுக்குள் நுழைந்தும், மழைத்திரையை இறக்கி விட்டுக்கொண்டு வந்த ஆட்டோக்காரருக்கு அது கேட்கவில்லை. ஒரு முழ இடைவெளியில் இருவரும் நிறுத்தினோம். 800 சீசீ காரின் ஒற்றைத் தட்டு ஹோர்ன் இந்த மலைப் பாதைக்குப் போதாது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

எயார் ஹோர்னை நான் எண்ணிப் பார்க்கவேயில்லை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்கு நடுவே ஓடும் பாதையில், தூங்கும் குழந்தையைத் திடுக்கிட வைக்கும் ஓசை எனக்குத் தேவையில்லை. வளைவுக்கு அப்பால் கேட்டால் போதும். ஆகவே நத்தை வடிவத்தில் வரும் 12 வோல்ட் மின் ஹோர்ன் ஒரு சோடி வாங்கினேன். ஒன்று 400 ஹெர்ட்ஸ், மற்றது 500 ஹெர்ட்ஸ். இந்த 5:4 விகிதம் நம் சங்கீதத்தில் சட்ஜமத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையிலுள்ள அதே இடைவெளி. ஒன்றாக ஒலிக்கும்போது காதை உறுத்தாமல் நிறைந்து கேட்பது அதனால்தான்.

பம்பரைக் கழற்றுவது, பழையதை அகற்றுவது எல்லாம் அரை மணி நேர வேலை. முதல் ஞாயிறு நான் செய்த பிழை, பழைய ஹோர்னுக்கு வந்த ஒற்றை வயரையே இரண்டாகப் பிரித்துப் புதிய இரண்டுக்கும் கொடுத்தது. பழையதற்கு ஒரே முனைதான். எர்த், அதாவது மின்னோட்டம் பெட்டரிக்குத் திரும்பும் வழி, அதன் தாங்கி வழியாகக் காரின் உலோக உடம்புக்குப் போய்விடும். புதியவற்றுக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு முனைகள் இருந்ததால், எர்த்துக்கென்று ரேடியேட்டர் தாங்கியில் இருந்த ஒரு போல்ட்டில் கம்பியை இறுக்கினேன். சுவிச்சை அழுத்தியபோது சளி பிடித்த தொண்டையைப் போல ஓர் ஓசை வந்தது. பழையதைவிடக் குறைவு என்றே சொல்ல வேண்டும்.

ஹோர்ன்தான் பழுது என்று எண்ணி ஹட்டனில் வாங்கிய கடைக்கே கொண்டு போனேன். கடைக்காரர் ஒரு பெட்டரியில் நேராகத் தொட்டுக் காட்டினார். கண்ணாடி அலுமாரி அதிர்ந்தது. பழுது ஹோர்னில் இல்லை, என் வயரிங்கில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு திரும்பினேன்.

இரண்டாம் ஞாயிறு ரிலே போட்டேன்; சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிச் அது. பழைய வயர் 0.5 சதுர மில்லிமீற்றர். அந்தத் தடிப்பில் செப்புக் கம்பிக்கு மீற்றருக்கு ஏறத்தாழ 0.034 ஓம் தடை உண்டு. நான்கு மீற்றரில் இரண்டு ஹோர்ன்களுக்கான 8 அம்பியர் ஓடினால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். எனவே அந்த வயரை ரிலேயில் 86 என்று எண்ணிட்ட முனைக்கு மாற்றி, 85-ஐ எர்த் செய்து, பெட்டரியிலிருந்து 15 அம்பியர் பியூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீற்றர் வயரை 30-க்கு இழுத்து, 87-இலிருந்து இரண்டு ஹோர்ன்களுக்கும் கொடுத்தேன். வேலை சுத்தமாக இருந்தது. ஆனால் ஓசை கொஞ்சம்தான் தெளிந்தது, கரகரப்பு போகவில்லை.

அந்த ஏமாற்றத்தில் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். ஹோர்னின் பின்புறம் வர்ணம் பூசி அடைத்த சிறு திருகாணி ஒன்று இருக்கும். அதைக் கால் சுற்றுத் திருப்பினேன். உள்ளே இருக்கும் மின்காந்தச் சுருள் ஒரு தகட்டை இழுக்கும், இழுபட்ட கணமே தொடுமுனை விலகி மின்னோட்டம் அறும், தகடு திரும்பும், மறுபடி தொடும். வினாடிக்கு நானூறு முறை இது நடக்கிறது. தொடுமுனை எந்தப் புள்ளியில் விலக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே அந்தத் திருகாணி. வோல்ட் குறைந்தால் சுருளின் இழுப்புத் தளர்ந்து தகடு முழு வீச்சில் ஆடாது. அதைத் திருகாணியால் சரிசெய்ய முயன்றால் கரகரப்பு கூடுமே தவிரக் குறையாது. நல்லவேளையாக, திருப்புவதற்கு முன் பென்சிலால் அடையாளம் இட்டிருந்தேன். பழைய இடத்துக்கே கொண்டு வந்தேன்.

பிறகுதான் பக்கத்து லயத்தில் இருக்கும் வயரிங் பாஸைக் கூப்பிட்டேன். அவர் முப்பது ஆண்டுகள் பஸ் வயரிங் செய்தவர். ரிலேயைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, “தம்பி, கரண்ட் போற பக்கம் எல்லாம் நல்லா இருக்கு. திரும்பி வர்ற பக்கத்த அளந்து பாத்தீங்களா?” என்று கேட்டார்.

பார்த்ததாகத்தான் நினைத்திருந்தேன். மீற்றரைத் தொடர்ச்சி (வயர் எங்கும் அறாமல் இருக்கிறதா என்று) பார்க்கும் நிலையில் வைத்து எர்த் போல்ட்டைத் தொட்டபோது அது ‘பீப்’ என்று ஒலித்திருந்தது. அந்த ஒலியை நம்பியதுதான் இந்த வேலையில் என்னை ஒரு வாரம் அலைய வைத்தது. தொடர்ச்சி சோதனையில் மீற்றர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம், 0.3 ஓம் தடை இருந்தாலும் அது மகிழ்ச்சியாக ஒலிக்கும், மீற்றரின் கம்பிகளுக்கே ஏறத்தாழ அவ்வளவு தடை இருக்கும். அதே 0.3 ஓமில் 7 அம்பியர் ஓடும்போதுதான் உண்மை வெளியே வரும். ஆகவே மீற்றரை வோல்ட்டுக்கு மாற்றி, ஒரு முள்ளை ஹோர்னின் எர்த் முனையிலும் மற்றதைப் பெட்டரியின் எதிர் முனையிலும் வைத்து, மனைவியை ஹோர்ன் அடிக்கச் சொன்னேன். 2.2 வோல்ட் காட்டியது. பெட்டரியில் 12.3, ரிலேயின் பக்கம் இழந்தது 0.4, எர்த்தில் 2.2, மிச்சம் 9.7. கணக்கு அப்படியே நேர்பட்டது.

நேற்று அந்தப் போல்ட்டைக் கழற்றினேன். மேலே பளபளப்பாக இருந்தது. அடியில் முழு வர்ணமும், வர்ணம் உரிந்த இடத்தில் வளையமாகத் துருவும் இருந்தன. மாதக்கணக்கில் ஈரம் காயாத எங்கள் பக்கத்தில் இது ஒவ்வொரு பழைய காரிலும் இருக்கும் என்று பாஸ் சொன்னார். சாண்ட் பேப்பரால் வெள்ளி நிறம் தெரியும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கியபின் இழப்பு அரை வோல்ட்டுக்கு இறங்கியது. எனக்கு அதுவும் மனம் ஒப்பவில்லை. இரண்டு ஹோர்ன்களின் எர்த்தையும் சேர்த்து 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் நேராகப் பெட்டரியின் எதிர் முனைக்கே கொண்டு போனேன், 0.1 வோல்ட் ஆயிற்று. மூட்டுகளின் மேல் கிரீஸ் பூசியிருக்கிறேன். இறுக்கிய பிறகுதான் பூச வேண்டும், முன்னால் அல்ல.

வயரின் முனையில் நசுக்கிப் பொருத்தும் லக் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். நான் முதலில் வாங்கியவை தகரத்துக்கு வெள்ளி நிறம் ஏற்றியவை; நசுக்கும்போதே பிளந்தன. காந்தத்தை வைத்துப் பார்த்து ஒட்டாததை வாங்குங்கள். ரிலேயும் அதன் சொக்கெட்டும் கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில், ஜப்பானிய வாகனத்திலிருந்து கழற்றியது ஒன்றைத் தேடி எடுத்தேன். புதியவற்றைவிட அதன் முனைகள் கெட்டியாகப் பிடிக்கின்றன. அங்கேயே இன்னொரு ரிலேயும் வாங்கி வந்துவிட்டேன், ஏனென்றால் நானுஓயா, ராதல்லப் பக்கம் ஓடுவதற்கு மஞ்சள் ஃபொக் லாம்ப் போட வேண்டும் என்பது அடுத்த எண்ணம். அதற்கான எர்த்தை இப்போதே பெட்டரிவரை இழுத்து வைத்திருக்கிறேன்.

இருட்டுவதற்கு முன் மச்சானை வளைவுக்கு அப்பால் நிறுத்தி, இப்பாலிருந்து இரண்டு முறை அடித்தேன். பழைய ஹோர்னுக்கு இதே இடத்தில் நின்று “கேட்கவில்லை” என்று தொலைபேசியில் சொன்னவர், இம்முறை “ஓ, நல்லா கேக்குது” என்று வாயாலேயே கத்திய குரல் அணைக்கு மேலாக எனக்குக் கேட்டது.

வேலை இன்னும் முடியவில்லை. மழைநீர் தேங்கித் தகடு துருப்பிடிக்காதபடி இரண்டின் வாயையும் கீழ்நோக்கித் திருப்பிவிட்டேன். ஆனால் இடதுபக்க ஹோர்ன் ஒலிக்கும்போது ரேடியேட்டர் தாங்கியில் லேசாக உரசுகிறது. ஹோர்ன் அதன் மெல்லிய தாங்கியில் தன்போக்கில் அதிர்ந்தால்தான் ஓசை முழுதாக வரும் என்பதால், தாங்கியை ஒரு சென்ரிமீற்றர் வளைக்க வேண்டும். அதுவரை பம்பர் திண்ணையில்தான் சாய்ந்திருக்கும்.